அலாய் வீல் மாற்றிய பிறகு டயர் உரசுகிறதா? ஆஃப்செட்டை நாமே கண்டுபிடிக்கும் வழி

அலாய் வீல் மாற்றியதும் வண்டியில் ஏதாவது சத்தம் வந்தால், பட்டறையில் முதலில் சொல்வது “அலைன்மென்ட் பாத்துடலாம் சார்”. அடுத்தது “ஷாக் வீக்கா இருக்கு”. இரண்டுக்கும் பணம் கட்டி முடித்த பிறகுதான் “ஆஃப்செட் ஒத்து வரல போல” என்று இழுப்பார்கள். அந்தக் கடைசி வாக்கியத்தை முதல் நாளே நாமாகப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஒரு ஸ்டீல் ஸ்கேல், நேரான ஒரு சட்டம் (கொத்தனார் வைத்திருக்கும் அலுமினியச் சட்டம் அருமையாக உதவும்), சாக்பீஸ், ஜாக்கி, டிக்கியில் தூங்கும் ஸ்டெப்னி. இவ்வளவு போதும்.

முதலில் ஆஃப்செட் என்றால் என்ன என்பதைத் தீர்த்துவிடலாம். நான் நாமக்கல்காரன், எங்கள் ஊரில் இதற்குப் படம் வரைய வேண்டியதில்லை, லாரியைக் காட்டினால் போதும். லாரியின் முன்வீலைப் பாருங்கள், நடுப்பகுதி வெளியே புடைத்துக்கொண்டு நிற்கும். பின்னால் ஜோடி டயரில் வெளிப்பக்க வீலைப் பாருங்கள், நடுப்பகுதி அண்டா மாதிரி உள்ளே குழிந்திருக்கும். இரண்டும் ஒரே வீல்தான். திருப்பி மாட்டியிருக்கிறார்கள், அவ்வளவே. ஹப்பில் (வண்டியில் வீலை மாட்டும் அச்சு முனை) ஒட்டுகிற தட்டு ரிம்மின் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாகத் தள்ளி இருப்பதால்தான் இந்த வித்தை நடக்கிறது. அந்தத் தள்ளலுக்குப் பெயர்தான் ஆஃப்செட்.

காரிலும் அதே கதைதான். ரிம்மின் அகலத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் ஒரு கோட்டை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். ஹப்பில் ஒட்டும் முகம் அந்தக் கோட்டுக்கு வெளியே, ரோட்டைப் பார்த்த பக்கமாக இருந்தால் பிளஸ். உள்ளே, வண்டியைப் பார்த்த பக்கமாக இருந்தால் மைனஸ். அளவு மில்லிமீட்டரில். வீலின் முதுகில் ‘ஈடி 45’ என்றோ வெறும் ‘+45’ என்றோ வார்த்திருப்பார்கள். ‘ஈடி’ என்பது ஒரு ஜெர்மன் சொல்லின் சுருக்கம்.

எல்லாரும் தடுமாறும் இடம் அடுத்தது. பிளஸ் எண் பெரிதாகப் பெரிதாக வீல் வண்டிக்கு உள்ளே போகும். எண் சிறிதானால் வெளியே வரும். 45 இருந்த இடத்தில் 38 போட்டால் வீல் 7 மி.மீ. வெளியே நிற்கும். “நம்பர் கூடினா வெளியே வரும்” என்று கடையில் யாராவது அடித்துச் சொன்னால் வாதாடாதீர்கள், லாரியைக் காட்டுங்கள்.

சரி, நோய்க்கு வருவோம்.

பள்ளத்தில் இறங்கும்போதும், பின்சீட்டில் மூன்று பேர் ஏறினாலும் மட்டும் ‘சர்ர்’ என்று உரசுகிறது

பெரும்பாலும் டயர் வெளியே வந்துவிட்டது; மட்கார்டின் உள்மடிப்பில் படுகிறது. காலியாக ஓட்டும்போது சத்தமே இருக்காது. அதனால் டெஸ்ட் ட்ரைவில் தப்பித்து, குடும்பத்தோடு கிளம்பும்போது மாட்டிக்கொள்ளும். பின்வீலில் இது அதிகம், ஏனென்றால் ஆளும் சாமானும் அங்கேதான் ஏறுகின்றன.

எந்த வீல் என்று காது சொல்வதை நம்பாதீர்கள். டயரின் வெளித்தோளிலும் உள்தோளிலும் சாக்பீஸால் நாலைந்து தடித்த கோடுகள் குறுக்காகப் போடுங்கள், நாலு வீலுக்கும். பிறகு ஆட்களை ஏற்றிக்கொண்டு சத்தம் வரும் அதே ரோட்டில் ஒரு சுற்று. வளைவில் வெளிப்பக்க வீல்கள்தான் அமுங்கும், ஆகவே இடமும் வலமும் திரும்பிப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் இதற்குக் கொல்லிமலை இருக்கிறது. 70 கொண்டை ஊசி வளைவு, முதல் பத்திலேயே விடை தெரிந்துவிடும். இறங்கிப் பார்த்தால் எந்த டயரில், எந்தப் பக்கக் கோடு அழிந்திருக்கிறதோ அங்கேதான் உரசல்.

வெளித்தோள் கோடு அழிந்திருந்தால் ஆஃப்செட் எண் தேவைக்குக் குறைவு, அல்லது டயர் தேவைக்கு அகலம். நேர்மையான தீர்வு எண் கூடிய வீல்தான். கொஞ்சமாக, இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் இடிக்கிறது என்றால் ஒரு சைஸ் குறைந்த அகலத்தில் டயர் போட்டுச் சமாளிக்கலாம். மட்கார்டு மடிப்பை உருளை வைத்து மடித்துவிடும் வேலையும் செய்கிறார்கள். பெயின்ட் வெடித்தால் அந்த விளிம்பில்தான் முதலில் துரு பிடிக்கும், அதனால் எனக்கு அதில் விருப்பமில்லை. லேத்தில் கொடுத்து வீலின் ஹப் முகத்தை 5 மி.மீ. கடைந்து தருகிறேன் என்பவரும் உண்டு. கடைந்தால் எண் கூடும், கணக்கு சரிதான். ஆனால் வண்டியின் எடை முழுவதையும் தாங்குவது அந்தத் தட்டுதான். அதை மெலிய வைக்காதீர்கள்.

ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் மட்டும் உரசுகிறது

இதைக் கேட்டவுடன் “வீல் உள்ளே போயிடுச்சு” என்று முடிவு கட்டுவார்கள். பாதி நேரம் அது தவறு. வீல் வெளியே வந்திருந்தாலும் முழு ஒடிப்பில் உரசும். எப்படி என்றால், வீல் திரும்பும் அச்சிலிருந்து டயர் தள்ளிப் போகப் போக, ஒடிக்கும்போது அது பெரிய வட்டத்தில் சுழலும். முன்பக்கம் பம்பர் ஓரத்தையோ, பின்பக்கம் கதவுக்கு முன்னால் இருக்கும் பிளாஸ்டிக் தடுப்பையோ போய்த் தொடும். உள்ளே போன வீல் வேறு இடத்தில் முட்டும்: ஆன்ட்டி ரோல் பார் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி), சேஸிஸ் கால், உள்தடுப்பின் ஆழமான பகுதி.

ஆகவே ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து நிறுத்தி, டார்ச் அடித்துப் பாருங்கள். உரசிய பிளாஸ்டிக் பாலிஷ் போட்ட மாதிரி மின்னும், பக்கத்தில் ரப்பர் தூள் ஒட்டியிருக்கும். மினுமினுப்பு பம்பர் ஓரத்திலோ கதவுப் பக்கத்திலோ இருந்தால் வீல் வெளியே. வண்டியின் நடுவைப் பார்த்த பக்கமாக இருந்தால் உள்ளே. பிளாஸ்டிக்கின் உச்சியில், டயருக்கு நேர் மேலே இருந்தால் ஆஃப்செட்டைத் தேடாதீர்கள், டயர் உயரம் கூடிவிட்டது.

நேராகப் போனாலும் வீல் சுற்றும் தாளத்தில் உரசல். வேகம் கூடினால் தாளமும் கூடுகிறது

முன்வீல் என்றால் ஸ்ட்ரட்டில் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூண்) படுகிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். நம் ஊர்ச் சிறிய கார்களில் பெரும்பாலும் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்தான். அதில் ஒரு விசேஷம்: ஸ்டீயரிங் திருப்பினால் வீலோடு சேர்ந்து ஸ்ட்ரட்டும் திரும்பும். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி எந்தத் திருப்பத்திலும் மாறாது. அதனால் ஸ்ட்ரட்டில் படும் டயர் எப்போதும் படும், படாத டயர் எப்போதும் படாது. உரசல் ஸ்டீயரிங் திருப்பத்துக்கு ஏற்றபடி வந்து போகிறது என்றால் ஸ்ட்ரட்டை விட்டுவிட்டு வேறு இடம் தேடுங்கள்.

வீலைக் கழற்றி உள்பக்கச் சுவரைப் பாருங்கள். முழு வட்டமாக ஒரு கோடு தேய்ந்திருக்கும். டயரின் பக்கச்சுவர் மெல்லிய இடம், அதில் தழும்பு ஆழமாக இருந்தால் அந்த டயரில் நெடுந்தூரம் போக வேண்டாம். இடைவெளி எவ்வளவு என்று தெரியப் பிள்ளைகளின் விளையாட்டுக் களிமண்ணில் ஒரு உருண்டையை ஸ்ட்ரட்டில் ஒட்டி, வீலை மாட்டி, கையால் ஒரு சுற்று சுற்றிக் கழற்றுங்கள். களிமண்ணில் மிஞ்சிய தடிமன்தான் இடைவெளி. 5 மி.மீ.க்குக் குறைந்தால் எனக்குத் தூக்கம் வராது.

இங்கே ஆஃப்செட் எண் தேவைக்கு அதிகம், அல்லது ரிம் தேவைக்கு அகலம். எது என்று அளந்தால்தான் தெரியும்.

அளப்பது எப்படி

பொறுமை தேவைப்படும் இடம் இதுதான். வீலின் முதுகில் எண் இருந்தால் வேலை மிச்சம். ஆரக்காலின் பின்புறம், வால்வு ஓட்டைப் பக்கம், நட்டு ஓட்டைகளுக்கு நடுவில் என்று தேடிப் பாருங்கள். பிரேக் தூள் கரியாகப் படிந்திருக்கும், துடைக்க வேண்டும். எண் இல்லை, அல்லது பெயின்ட் அடித்து மறைத்துவிட்டார்கள் என்றால் அளக்கலாம். டயரைக் கழற்றத் தேவையில்லை.

வீலை ஹப் பக்கம் மேலே தெரியும்படி தரையில் படுக்க வையுங்கள். டயரின் மேல், வீலின் நடுவைக் கடந்து போகும்படி சட்டத்தைக் குறுக்காக வையுங்கள். சட்டத்தின் அடி விளிம்பிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் வரை ஸ்கேலை இறக்கிப் படியுங்கள். இதை உள்ளளவு என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது வீலை நிமிர்த்தி ஒருவரைப் பிடிக்கச் சொல்லுங்கள். நடு மூடியைக் கழற்றிவிட்டு, உடைந்த டைல்ஸ் துண்டு மாதிரி தட்டையான ஒன்றை ஹப் முகத்தோடு பின்னாலிருந்து ஒட்டிப் பிடியுங்கள். வெளிப்பக்கம் டயரில் சட்டத்தை வைத்து, நடு ஓட்டை வழியாக ஸ்கேலை விட்டு டைல்ஸில் முட்டும் வரை அளந்தால் வெளியளவு.

உள்ளளவிலிருந்து வெளியளவைக் கழித்து, இரண்டால் வகுத்தால் ஆஃப்செட். விடை மைனஸில் வந்தால் ஆஃப்செட்டும் மைனஸ்.

195 அகல டயர் மாட்டிய 6ஜே (6 அங்குல அகல) வீல் ஒன்றில் உள்ளளவு 143, வெளியளவு 53 வந்தது என்று வையுங்கள். வித்தியாசம் 90, பாதி 45. ஆஃப்செட் +45. இதில் உள்ளேயே ஒரு சோதனையும் இருக்கிறது: இரண்டையும் கூட்டினால் ஏறக்குறைய டயரின் அகலம் வர வேண்டும். 143-ம் 53-ம் 196, டயர் 195. நம்பலாம். கூட்டுத்தொகை 210 வந்தால் சட்டம் வளைந்திருக்கிறது, அல்லது ஆரக்கால் டயரைத் தாண்டிப் புடைத்திருந்து சட்டம் அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது. அப்படி என்றால் இரண்டு பக்கமும் ஒரே உயரமுள்ள மரத்துண்டுகளை டயரில் வைத்து, அதன் மேல் சட்டத்தை வைத்து அளந்து, மரத்தின் உயரத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். எந்த அளவையும் மூன்று இடத்தில் எடுங்கள். டயரின் பக்கச்சுவரில் எழுத்துப் புடைப்பு இருக்கும், 2 மி.மீ. இப்படி அப்படி ஆகும்.

டயர் இல்லாத வெறும் ரிம்மில் பலரும் உள்ளளவை மட்டும் எடுத்துவிட்டு, அகலத்தில் பாதியைக் கழிப்பார்கள். அதுவும் சரியான வழிதான், ஆனால் ஒரு பொறி உண்டு. 6ஜே என்பது டயர் உட்காரும் இரண்டு படிகளுக்கு இடைப்பட்ட அகலம். விளிம்போடு சேர்த்தால் ஏறக்குறைய ஓர் அங்குலம் கூடும். அதாவது 6ஜே ரிம்மின் மொத்த அகலம் சுமார் 178 மி.மீ., பாதி 89. உள்ளளவு 134 என்றால் ஆஃப்செட் 45. விளிம்பை மறந்து 6 அங்குலத்தின் பாதியான 76-ஐக் கழித்தால் 58 வரும். 13 மி.மீ. பிழை. இந்தப் பிழையோடு வீல் வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

அப்புறம், கம்பெனி அளவு என்ன என்று இணையத்தில் தேடி அலைய வேண்டாம். உங்கள் ஸ்டெப்னி பழைய இரும்பு வீலாக, மற்ற டயரின் அதே சைஸில் இருந்தால் அதுவே மூல அளவுகோல். அதையும் இதே மாதிரி அளந்து எழுதிவையுங்கள். (சில வண்டிகளில் ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னி வரும், அது இந்தக் கணக்குக்கு உதவாது.) பெயரை மட்டும் வைத்து முடிவு செய்வதும் ஆபத்து. ஜப்பானில் விற்கும் ஜிம்னியில் சிறிய எஞ்சின் வகைக்கு +22, அகல மட்கார்டு வைத்த சியரா வகைக்கு +5. பெயர் ஒன்று, உருவம் ஒன்று, ஆஃப்செட் வேறு.

வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

15 அங்குலத்தில் 5.5ஜே, +45, 185/65 டயர் இருக்கிறது. 7ஜே, +35, 195/60 டயர் போட ஆசை. என்ன ஆகும்?

ரிம் விளிம்பை முதலில் பார்ப்போம். அகலம் 1.5 அங்குலம், அதாவது 38 மி.மீ. கூடுகிறது, பக்கத்துக்கு 19. ஆஃப்செட் 10 குறைவதால் எல்லாம் 10 மி.மீ. வெளியே நகர்கிறது. வெளிவிளிம்பு 19-ம் 10-ம் சேர்ந்து 29 மி.மீ. வெளியே. உள்விளிம்பு 19-இல் 10 போக 9 மி.மீ. உள்ளே. ஆஃப்செட்டைக் குறைத்த பிறகும் உள்விளிம்பு உள்ளேதான் போகிறது என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் மட்கார்டில் இடிப்பது ரிம் இல்லை, டயர். 185/65 டயரை 5.5ஜே-யில் மாட்டினால் அகலம் சுமார் 185 என்று வைத்துக்கொள்வோம். 195/60 டயர் 6ஜே-யில் சுமார் 195 என்று வையுங்கள். ரிம் அரை அங்குலம் கூடினால் டயர் ஏறக்குறைய 5 மி.மீ. விரியும். 7ஜே-யில் அது 205 ஆகிவிடும். பழையதைவிட 20 கூடுதல், பக்கத்துக்கு 10. ஆஃப்செட்டின் 10-ஐச் சேர்த்தால் டயர் வெளியே 20 மி.மீ. வருகிறது, உள்ளே நகரவே இல்லை. ஸ்ட்ரட்டின் மேல்பகுதியில், டயர் இருக்கும் உயரத்தில், பிரச்சினை இல்லை. கீழே, ரிம் விளிம்புக்கு நேராக ஏதாவது நீட்டிக்கொண்டிருந்தால் மட்டும் அந்த 9 மி.மீ. பார்க்க வேண்டும்.

வெளியே 20 மி.மீ. இடம் இருக்கிறதா? மட்கார்டு விளிம்பிலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டு, நூலுக்கும் டயரின் புடைப்புக்கும் உள்ள தூரத்தை அளங்கள். நூலில் ஒரு நட்டைக் கட்டினாலும் தூக்குக்குண்டுதான். வண்டி காலியாக நிற்கும்போது கிடைக்கும் அளவு இது. பெரும்பாலான சிறிய கார்களில் இந்த 20 கிடைக்காது. அதே 7ஜே ரிம்மை +45-இல் தேடினால் டயர் இரண்டு பக்கமும் 10, 10 என்று பிரிந்துகொள்ளும். அப்போது ஸ்ட்ரட் பக்கம் களிமண் சோதனை அவசியம். எனக்குக் கேட்டால் 6ஜே-யோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பேன்.

80, 100 வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்குகிறது

இதற்கும் ஆஃப்செட்டுக்கும் சம்பந்தமில்லை. பேலன்சிங் செய்தும் போகாவிட்டால் நடு ஓட்டையைப் பாருங்கள். வெளிச் சந்தை அலாய்களில் நடு ஓட்டை பெரும்பாலும் 73.1 மி.மீ. என்று பெரிதாக இருக்கும், எல்லா வண்டிக்கும் பொருந்தட்டும் என்று. ஹோண்டா சிட்டியின் ஹப் 56.1, ஹூண்டாய் ஐ20-யின் ஹப் 54.1. இடைவெளியை அடைக்க ஒரு வளையம் போட வேண்டும். அது இல்லையென்றால் வீலை நடுவில் நிறுத்துவது நட்டு மட்டுமே. ஜாக்கி இறக்கிய நிலையில் நட்டை முறுக்கினால் வீல் ஒரு நூல் இறங்கி உட்காரும். வளையம் போட்டு, வீல் காற்றில் இருக்கும்போதே நட்சத்திர வரிசையில் முறுக்கினால் பாதிக் கேஸ்கள் தீர்ந்துவிடும்.

ஸ்டீயரிங் கனக்கிறது, ரோட்டுப் பள்ளம் கையில் உதைக்கிறது, பிரேக் பிடித்தால் இழுக்கிறது

இது ஆஃப்செட்டின் மறைமுக வேலை. ஸ்டீயரிங் திருப்பும்போது வீல் ஓர் அச்சைச் சுற்றித் திரும்புகிறது. அந்த அச்சைக் கீழே நீட்டினால் தரையில் ஒரு புள்ளியில் படும். அந்தப் புள்ளிக்கும், டயர் தரையில் பதியும் இடத்தின் நடுவுக்கும் உள்ள தூரத்தை ஸ்க்ரப் ரேடியஸ் என்பார்கள். வண்டி செய்பவர்கள் இதை ஒற்றை மில்லிமீட்டராகக் கணக்கிட்டு வைக்கிறார்கள். 1972-இல் வந்த ஆடி 80 இதற்குப் பெயர் போனது. அதில் அச்சுப் புள்ளி டயர் நடுவுக்கு வெளியே விழும். ஒரு பக்கப் பிரேக் மட்டும் பிடித்தாலும், வீல் தானாகவே எதிர்ப்பக்கம் லேசாகத் திரும்பி வண்டியை நேராக வைக்கும். இன்றைய முன்சக்கர இயக்கக் கார்களில் ஆஃப்செட் எண்கள் பெரிதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நாம் ஆஃப்செட்டை 10 குறைத்தால் டயர் நடு 10 மி.மீ. வெளியே போய்விடுகிறது. அந்த வடிவமைப்பு அத்தோடு காலி. ஸ்டீயரிங்குக்குக் கிடைக்கும் நெம்புகோல் நீளமாகிறது, ரோட்டு ஓரத்து மண்ணில் ஒரு வீல் இறங்கினால் கையைப் பிடுங்குகிறது. அலைன்மென்ட் எத்தனை முறை செய்தாலும் இது மாறாது, ஏனென்றால் அலைன்மென்ட் மெஷின் வீலின் கோணத்தைத்தான் பார்க்கிறது. வீல் எவ்வளவு வெளியே நிற்கிறது என்று கேட்பதில்லை. மூல அளவிலிருந்து 5 மி.மீ. வரை மாறினால் பெரும்பாலும் கைக்குத் தெரியாது. 10-ஐத் தாண்டினால் தெரியும்.

இழுப்பு மட்டும் ஒரு பக்கமாக இருந்தால், இடது வலது ஆஃப்செட் ஒன்றுதானா என்று பாருங்கள். இதைத்தான் நான் பாடுபட்டுக் கற்றேன், கடைசியில் சொல்கிறேன்.

வீலை மாட்டினால் சுற்றவே இல்லை, உலோகம் உலோகத்தில் கீறுகிறது

ஆரக்காலின் உள்முகம் பிரேக் கேலிப்பரில் (பிரேக் பேடை அழுத்தும் பாகம்) படுகிறது. ஒரே ஆஃப்செட்டில் இரண்டு டிசைன்கள், ஒன்று படும், ஒன்று படாது. ஆரக்கால் எப்படி வளைந்திருக்கிறது என்பதுதான் விஷயம். களிமண் சோதனை இங்கேயும் செய்யலாம். 3 மி.மீ.யாவது மிஞ்ச வேண்டும்.

நட்டு அடிக்கடி தளர்கிறது

ஸ்பேசர் (வீலை வெளியே தள்ள ஹப்புக்கும் வீலுக்கும் நடுவில் வைக்கும் தட்டு) போட்டிருக்கிறீர்களா? +45 வீலுக்கு 10 மி.மீ. ஸ்பேசர் போட்டால் +35 போட்ட மாதிரி. அது கணக்கு. ஆனால் அந்த 10 மி.மீ. ஸ்டட்டின் (நட்டு ஏறும் கம்பி) மரையிலிருந்து கழிகிறது. நட்டு குறைந்தது ஸ்டட்டின் தடிமன் அளவுக்காவது ஏற வேண்டும். 12 மி.மீ. ஸ்டட்டில் 1.5 மரை (சுற்றுக்கு 1.5 மி.மீ. ஏறும்) என்றால் 8 முழுச் சுற்று. மாருதி மாதிரி 1.25 மரை என்றால் கிட்டத்தட்ட 10. கையால் எண்ணிக்கொண்டே முறுக்குங்கள், அதற்குள் இறுகிவிட்டால் அந்த ஸ்பேசரோடு ஓட்டாதீர்கள்.

ஸ்பேசர் இல்லையென்றால் நட்டின் அடிவடிவத்தைப் பாருங்கள். ஹோண்டாவின் ஒரிஜினல் நட்டு உருண்டையாக உட்காரும். வெளி அலாய்களுக்குக் கூம்பு நட்டு வேண்டும். பழைய நட்டையே போட்டிருந்தால் கோடுபோல ஓரிடத்தில் மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும். ஓட்டை வட்டமும் (நட்டு ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் குறுக்களவு) ஒரு சந்தேகம்: சில ஃபியட் கார்களின் 4 ஓட்டை 98 மி.மீ. வட்டத்தில், மற்ற பல கார்களுடையது 100-இல். 2 மி.மீ.தானே என்று முறுக்கி உட்காரவைப்பவர்கள் உண்டு. உட்காரும், அப்புறம் தளரும்.

சில்லறைப் புகார்கள்

மழையில் கதவெல்லாம் சேறு அடிக்கிறது: டயர் மட்கார்டைத் தாண்டி வெளியே நிற்கிறது. சேறு மட்டும் இல்லை, ஆர்.சி. விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. விபத்து நடந்து இன்சூரன்ஸ்காரர் வந்து பார்க்கும் நாளில் இது பேசுபொருள் ஆகும்.

சில மாதம் கழித்து ‘ம்ம்ம்’ என்று ஊளை, வளைவில் சத்தம் மாறுகிறது: வீல் பேரிங். வெளியே தள்ளிய வீல் பேரிங்கை நெம்பும், ஆயுள் குறையும்.

டயரின் உள் ஓரம் மட்டும் தேய்கிறது: இது அலைன்மென்ட்தான். இந்த ஒன்றில் பட்டறைக்காரர் சொல்வது சரி.

ஸ்பீடாமீட்டர் தப்பாகக் காட்டுகிறது: டயர் உயரம். ஆஃப்செட் இதில் நிரபராதி.

எதுவும் பிடிபடவில்லை என்றால் ஸ்டெப்னி

உரசும் மூலையில் இருக்கும் வீலைக் கழற்றி, பழைய இரும்பு ஸ்டெப்னியை மாட்டுங்கள். அதே ரோட்டில் மெதுவாகப் போய் வாருங்கள். சத்தம் நின்றால் வீலில் குற்றம். நிற்காவிட்டால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, புஷ் போயிருக்கிறது, உள்தடுப்பின் கிளிப் கழன்று பிளாஸ்டிக் தொங்குகிறது. கடைசியாகச் சொன்னது நினைப்பதைவிட அதிகம் நடக்கிறது, பத்து ரூபாய் கிளிப்.

இந்தச் சோதனையை நான் முதலில் செய்யாமல் மூன்றாவது மாதம்தான் செய்தேன். செகண்ட் ஹேண்டில் நாலு அலாய் வாங்கினேன். ஒரே டிசைன், ஒரே கறுப்பு பெயின்ட், விற்றவர் “ஒரே செட் சார்” என்றார். மாட்டிய வாரமே இடது முன்வீல் மட்டும் வளைவில் உரசியது, பிரேக் பிடித்தால் வண்டி லேசாக இடது பக்கம் போனது. அலைன்மென்ட் இரண்டு முறை. பிறகு ஒரு பட்டறையில் இடது ஷாக்கை மாற்றினார்கள். உரசல் அப்படியே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டெப்னியை மாட்டிப் பார்த்தேன், சத்தம் இல்லை. கழற்றிய அலாயின் முதுகைப் பெட்ரோல் துணியால் தேய்த்தேன். பெயின்டுக்கு அடியில் 38. மற்ற மூன்றையும் கழற்றினேன்: வலது முன் 45, இடது பின் 45, வலது பின் 38. இரண்டு செட்டில் மிஞ்சியதை ஒன்றாக்கி, ஒரே நிறத்தில் பெயின்ட் அடித்து விற்றிருக்கிறார்கள். இடது முன்வீல் வலதைவிட 7 மி.மீ. வெளியே நின்றதால்தான் பிரேக்கில் அந்தப் பக்கமாக இழுத்திருக்கிறது.

பணம் திரும்பக் கிடைக்கவில்லை. 45 இரண்டையும் முன்னால், 38 இரண்டையும் பின்னால் மாட்டினேன். என் வண்டியில் பின் மட்கார்டில் இடம் தாராளம், ஐந்து பேரோடு கொல்லிமலை ஏறியும் சாக்பீஸ் கோடு அழியவில்லை. முன்னும் பின்னும் டயரை மாற்றிப் போடும் வேலை மட்டும் இனி வீலோடு நடக்காது. ரிம்மிலிருந்து டயரைக் கழற்றித்தான் மாற்ற வேண்டும். அந்தக் கூலியை வருடத்துக்கு ஒருமுறை கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.